அக்கி ஆறின பிறகும் நிக்காத எரிச்சலுக்கு காப்சைசின் க்ரீம்: காரைக்குடில வாங்கி அப்பத்தாவுக்குப் போட்டுப் பாத்த அனுபவம்

அக்கி வந்து, கொப்புளம் எல்லாம் காஞ்சு உதிர்ந்து, தோல் சுத்தமா ஆறின பிறகும் சிலபேருக்கு அந்த இடத்துல மாசக்கணக்கா எரிச்சல் நிக்காது. அதுக்குத்தான் இந்த க்ரீம். காப்சைசின், 0.075 சதவீதம். மிளகாய்ல காரத்துக்குக் காரணமான சரக்கு பேருதான் காப்சைசின். எங்க அப்பத்தாவுக்கு வாங்கினோம், இப்பவும் போட்டுக்கிட்டு இருக்காங்க. ப்ராண்ட் பேர் சொல்லல, ஏன்னா இதே சரக்கு பல கம்பெனி பேர்ல வருது, நான் சொல்ற நல்லது கெட்டது எல்லாத்துக்கும் ஏறக்குறைய பொருந்தும். முடிவ முதல்லயே சொல்லிடுறேன். வேலை செய்யுது. மெதுவா செய்யுது. வலிய முழுசா எடுக்கல. ஆரம்பத்துல கொஞ்ச நாள் எரிச்சல கூட்டித்தான் விடும், அந்தக் கட்டத்துலதான் பாதிப்பேர் ட்யூப தூக்கி எறிஞ்சிடுறாங்க. அது ஏன் அப்படி எரியுது, எரிஞ்சாதான் ஏன் வேலை நடக்குதுன்னு டப்பாவுலயும் எழுதல, உள்ள மடிச்சு வச்ச பேப்பர்லயும் எழுதல. அது தெரிஞ்சிருந்தா நிறையப்பேர் பாதில விட மாட்டாங்க, அதனாலதான் இந்த ரிவ்யூவ இவ்வளவு நீளமா எழுதுறேன், பொறுமையா படிங்க.

வாங்குற விஷயம் முதல்ல. செக்காலை ரோடு பக்கம் ஒரு மெடிக்கல்ஸ்ல சீட்ட நீட்டினா அந்தத் தம்பி எடுத்துக் குடுத்தது மூட்டுவலி ஜெல். "இதுலயும் காப்சைசின் இருக்குக்கா, இதான் நல்லா மூவ் ஆகுது"ன்னு சொன்னான். இருக்கு, பொய் இல்ல, ஆனா அதுல டைக்ளோஃபினாக், மெந்தால், இன்னும் என்னென்னமோ சேர்ந்திருக்கு, காப்சைசின் பேருக்குக் கொஞ்சம்தான். முழங்கால் வலிக்கு அது சரி. நரம்பு எரிச்சலுக்கு டாக்டர் எழுதினது அது இல்ல. நீங்க வாங்கும்போது ட்யூப திருப்பி உள்ள என்ன இருக்குன்னு படிச்சுப் பாருங்க, காப்சைசின் மட்டும் இருக்கணும், டாக்டர் எழுதின சதவீதமே இருக்கணும். 0.025னு ஒண்ணு வருது, 0.075னு ஒண்ணு வருது, ரெண்டும் வேற வேற. எங்களுக்கு அங்க ஸ்டாக் இல்லாம கல்லுக்கட்டி பக்கம் இன்னொரு கடைல சொல்லி வச்சு மறுநாள்தான் கிடைச்சது. விலை பயமுறுத்துற அளவுக்கு இல்ல, ஆனா ட்யூப் சின்னது, ஒரு நாளைக்கு மூணு நாலு தடவை போடணும்ங்கிறதால சீக்கிரம் தீந்துடும். ஒண்ணு தீருறதுக்கு முன்னாடி அடுத்தத சொல்லி வச்சிடுங்க. நடுவுல விட்டா ஏன் கஷ்டம்ங்கிறது கீழ வரும்.

அப்பத்தாவுக்கு வந்தது முதுகுலேருந்து விலாவ சுத்தி முன்பக்கம் வரைக்கும், வலது பக்கம் மட்டும், ஒரு பட்டை மாதிரி. பள்ளத்தூர் வீட்டுல இருந்தாங்க. மண்பாண்டம் செய்யுற வேளார் வந்து காவி கரைச்சு கொப்புளத்து மேல அக்கி எழுதினாரு, அதே நாள் டாக்டர்கிட்டயும் கூட்டிட்டுப் போய் வைரஸ் மாத்திரை ஆரம்பிச்சாச்சு. அக்கி எழுதுறத நான் குறை சொல்ல மாட்டேன், அப்பத்தா மனசுக்கு அது வேணும். ஆனா மாத்திரைய கொப்புளம் கெளம்பின 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கிறது ரொம்ப முக்கியம், எழுதிட்டு நாலு நாள் பாப்போம்னு மட்டும் யாரும் இருந்துடாதீங்க.

கொப்புளம் எல்லாம் ஆறிடுச்சு. வலி ஆறல. ரவிக்கை துணி ஒரசினா எரியுது, ஃபேன் காத்து நேரா பட்டா எரியுது, ஆனா உள்ளங்கைய வச்சு அழுத்திப் புடிச்சா கொஞ்சம் தேவலன்னாங்க. ராத்திரி கட்டில்ல படுக்க முடியாம வளவுல ஆத்தங்குடிக் கல்லுல வெறும் தரைல இடது பக்கமா ஒருக்களிச்சு படுத்துக்கிட்டு இருந்தாங்க. நரம்பு வலிக்குன்னு குடுக்குற மாத்திரைய ஆரம்பிச்சா தலை சுத்தல், காலைல எந்திரிச்சு முத்தத்துல எறங்குறப்ப தடுமாற்றம். இந்த வயசுல ஒரு தடவ விழுந்து இடுப்பெலும்பு ஒடைஞ்சா அது தனிக்கதை. அதனால டாக்டர் மாத்திரைய கொறைச்சு, கூடவே இந்த க்ரீம எழுதினாரு. வயசானவங்களுக்கு இதோட பெரிய ப்ளஸ் இதுதான், தோல்ல பூசுறது, மயக்கம் கிடையாது, மத்த மாத்திரையோட முட்டிக்காது.

முதல் தடவை பூசி அஞ்சு பத்து நிமிஷத்துல அப்பத்தா கத்த ஆரம்பிச்சிட்டாங்க. "ஏத்தா, என்னத்தப் போட்ட, வத்தல் அரைச்சு அப்பின மாதிரி காந்துதே"ன்னு. வத்தல்தான் அப்பத்தான்னு சொன்னதும் என்னைய பாத்த பார்வை இருக்கே. எரியுற இடத்துல மிளகாய பூசுறதான்னு சித்தப்பா ஒரு பக்கம் சத்தம் போட, சித்தி போய் தேங்காய் எண்ணெய் எடுத்துட்டு வர, அன்னிக்கு வீடே ரெண்டு பட்டுச்சு. ரெண்டு நாள் கழிச்சு அப்பத்தா இனிமே வேணாம்னுட்டாங்க. சரி, இது உண்மையிலயே என்னதான் செய்யுதுன்னு தெரியாம அவங்கள கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு நான் உக்காந்து தேடிப் படிச்சேன். அப்படிப் படிச்சதுலதான் டேவிட் ஜூலியஸ்ங்கிற ஒரு மனுசனோட முப்பது நாப்பது வருச வேலை எனக்குக் கிடைச்சது. இந்த ட்யூபுக்கு உண்மையான யூசர் மேனுவல் அந்தாளு ஆராய்ச்சிதான்.

ஜூலியஸ் 1955ல நியூயார்க் ப்ரூக்ளின்ல பொறந்தவரு. அமெரிக்காவுல இருக்குற எம்ஐடில படிச்சு, பெர்க்லில 1984ல டாக்டரேட் வாங்கினாரு, அங்க வேலை செஞ்சது ஈஸ்ட்ல. வலிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. அப்புறம் கொலம்பியா யூனிவர்சிட்டில ரிச்சர்ட் ஆக்ஸல்ங்கிற விஞ்ஞானிகிட்ட சேர்ந்து, மூளைல செரடோனினப் புடிக்கிற ஒரு ரிசப்டரோட ஜீன பிரிச்சு எடுத்தாரு. அதுக்கப்புறம் சான் ஃபிரான்சிஸ்கோல கலிஃபோர்னியா யூனிவர்சிட்டில சொந்த லேப். அவர் மனசுல ஓடிக்கிட்டே இருந்த விஷயம் இதுதான்: இயற்கைல இருக்குற சில சரக்கு, செடில, விஷத்துல இருக்குறது, நம்ம நரம்பப் போய் ரொம்பக் குறிபாத்து தொடுது, அப்ப அது தொடுற இடம் எதுன்னு கண்டுபிடிச்சா நரம்போட ரகசியம் தெரியும். மிளகாய் காரம் வலி நரம்பத் தூண்டுதுன்னு ரொம்ப நாளாவே தெரியும். ஹங்கேரில யாஞ்சோன்னு ஒருத்தர் 1940கள்லயே இன்னொண்ணும் கவனிச்சிருந்தாரு, மிருகங்களுக்கு காப்சைசின தொடர்ந்து குடுத்தா முதல்ல எரிஞ்சு, அப்புறம் அந்த நரம்பு மரத்துப் போகுதுன்னு. அப்பத்தா ட்யூபுக்கு வேர் அங்கயே இருக்கு. ஆனா காரம் நரம்புல எத தொடுதுங்கிறது யாருக்கும் தெரியல. ஒரு நாள் சூப்பர் மார்க்கெட்ல மிளகாய் சாமான் அடுக்கியிருந்த வரிசைய பாத்துக்கிட்டே, இத எப்படியாவது கண்டுபிடிச்சே ஆகணும்னு ஜூலியஸ் மனைவிகிட்ட சொல்லியிருக்காரு. அவங்க ஹாலி இங்க்ரஹாம், அவங்களும் விஞ்ஞானி. அப்ப சீக்கிரம் ஆரம்பிங்கன்னுட்டாங்களாம்.

கண்டுபிடிச்ச விதத்தத்தான் நான் திரும்பத் திரும்பப் படிச்சேன். முதுகெலும்பு ஓரமா ரெண்டு பக்கமும் வரிசையா சின்னச் சின்ன நரம்பு முடிச்சு இருக்கு, தோல்லேருந்து வர்ற உணர்ச்சி நரம்போட செல்லெல்லாம் அங்கதான் குடியிருக்கு. எலியோட அந்த முடிச்சுலேருந்து, அதுல ஓடிக்கிட்டிருக்குற ஜீன்களோட நகல எடுத்து ஒரு பெரிய லைப்ரரி பண்ணினாங்க. காரம்னா என்னன்னே தெரியாத வேற ஒரு சாதாரண செல்லுக்குள்ள அத கூட்டம் கூட்டமா, ஆயிரக்கணக்குல, போட்டுப் போட்டு மேல காப்சைசின ஊத்திப் பாத்தாங்க. உள்ள கால்சியம் போனா ஒளிர்ற மாதிரி ஒரு சாயமும் போட்டு வச்சிருந்தாங்க. எந்தக் கூட்டத்துல ஒளிருதோ அத மறுபடி பிரிச்சு, மறுபடி ஊத்தி, இப்படியே சலிச்சு சலிச்சு கடைசில ஒரே ஒரு ஜீன். மைக்கேல் கேட்டரினாங்கிற இளம் ஆராய்ச்சியாளர்தான் அந்த சலிக்கிற வேலைய உக்காந்து பண்ணினவரு. 1997ல நேச்சர்ங்கிற அறிவியல் பத்திரிகைல வந்தது. அந்த ஜீன் செய்யுற புரோட்டீனுக்கு இன்னிக்குப் பேரு டிஆர்பிவி1.

இது நரம்பு செல்லோட சவ்வுல இருக்குற ஒரு கதவு. காப்சைசின் வந்து உக்காந்தா தெறக்கும், வெளிய இருக்குற கால்சியமும் சோடியமும் உள்ள பாயும், நரம்பு சிக்னல் அனுப்பும். இதுவரைக்கும் சரி. ஆனா மனுசன் மிளகாய் திங்கிறதுக்காகவா உடம்புல இந்தக் கதவு இருக்கு? அதையும் அவங்க கேட்டாங்க, சூட்டக் காட்டிப் பாத்தாங்க. 43 டிகிரி செல்சியஸ் தாண்டினதும் கதவு தன்னால தெறக்குது. நமக்கு சூடு வலியா மாறுற அளவும் கிட்டத்தட்ட அதே அளவுதான். ஆக, கொதிக்கிற ரசத்துல நாக்கு சுட்டாலும், ஆறிப்போன மிளகாய் சட்னி பட்டாலும் மூளைக்குப் போற சேதி ஒண்ணே. காரம் எரியுதுன்னு நாம சொல்றது நரம்பளவுல அப்படியே நெசம். வெள்ளைப் பணியாரத்துக்கு அரைக்கிற வரமிளகாய்ச் சட்னிலேருந்து மிளகுக் கோழி வரைக்கும் எங்க ஊர் சமையல் முழுக்க இந்த ஒரு கதவுலதான் நடக்குது, மிளகோட பைப்பரினும் இதையேதான் தெறக்குது. பறவைங்களுக்கும் இதே கதவு உண்டு, ஆனா அதுங்க உடம்புல இருக்குற ரகத்துக்கு காப்சைசின் உறைக்காது. அதையும் ஜூலியஸ் லேப்தான் 2002ல காட்டுச்சு. கிளி மிளகாப்பழத்த அசால்ட்டா கடிச்சுத் திங்கிறதுக்குக் காரணம் இதுதான்.

அதோட நிறுத்தல அவரு. புதினாவோட மெந்தால் ஏன் ஜில்லுன்னு இருக்குன்னு தேடிப்போய் குளிர உணர்ற கதவ 2002ல கண்டுபிடிச்சாங்க, அதே நேரத்துல ஆர்டெம் பட்டபூட்டியன்னு இன்னொரு விஞ்ஞானியோட லேப்லயும் அத தனியா கண்டுபிடிச்சிருந்தாங்க. கடுகோட நெடி, பச்சைப் பூண்டோட காரம் படுற கதவு வேற, அதுலயும் இவங்க வேலை பெருசு. டரான்ட்யூலாங்கிற பெரிய சிலந்தியோட விஷம் மிளகாய்க் கதவையே புடிச்சு தெறக்குதுன்னு கண்டாங்க. 2013ல யிஃபான் செங்ங்கிற விஞ்ஞானி கூட சேர்ந்து, எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் வச்சு டிஆர்பிவி1 எப்படி இருக்கு, எந்த இடத்துல காப்சைசின் உக்காருது, உக்காந்ததும் எது விரியுதுன்னு அணு அணுவா படமே போட்டுட்டாங்க. 2021ல ஜூலியஸுக்கும் பட்டபூட்டியனுக்கும் சேர்த்து மருத்துவ நோபல் குடுத்தாங்க. பட்டபூட்டியன் கண்டுபிடிச்ச முக்கியமான விஷயம் அழுத்தத்த உணர்ற பியெசோங்கிற கதவு, அத எழுதினா இன்னொரு பக்கம் போயிடும், விடுறேன்.

இப்ப ட்யூபுக்கு வருவோம். கதவு தெறந்ததும் எரியுது. ஆனா விடாம திரும்பத் திரும்பத் தெறக்க வச்சா, உள்ள கால்சியம் அளவுக்கு மீறிப் போய், அந்த நரம்பு நுனி முதல்ல பதில் சொல்றத நிறுத்துது, அப்புறம் தோல்லேருந்து கொஞ்சம் பின்வாங்கியே போயிடுது. நரம்பு செத்துப் போறதில்ல, நுனி மட்டும்தான் சுருங்குது, நிறுத்தினா சில மாசத்துல திரும்ப வளந்துடும். அதுவும் இந்தக் கதவு இருக்குற வலி நரம்புதான், சாதாரணமா தொட்டா தெரியுற நரம்ப இது பெருசா தொடுறதில்ல. முதல் நாள் அப்பத்தாவுக்கு எரிஞ்சது ஏன்னு இப்பத் தெரியுதா? மருந்து போய்ச் சேர வேண்டிய இடத்துல சேர்ந்துருக்கு. சொன்ன தடவை போடாம ஏனோதானோன்னு போட்டாலோ, ரெண்டு நாள் விட்டு மறுபடி தொடங்கினாலோ நரம்பு நுனிக்கு பின்வாங்குற அளவுக்கு வேலை நடக்காது, எரிச்சல் மட்டும்தான் மிஞ்சும். மொத்தத்துலயே மோசமான வழி அதுதான்.

ஏன் அந்தக் கதவ அடைக்கிற மாத்திரைய கண்டுபிடிக்கலன்னு உங்களுக்குத் தோணலாம், எனக்கும் தோணுச்சு. கண்டுபிடிச்சாங்க. பெரிய பெரிய கம்பெனிங்க போட்டி போட்டு செஞ்சாங்க. மனுசங்களுக்குக் குடுத்துப் பாத்தப்ப சிலருக்கு உடம்புச் சூடு ஏறி காய்ச்சல் மாதிரி ஆயிடுச்சு, ஏன்னா அந்தக் கதவு உடம்பு வெப்பத்தக் கட்டுப்படுத்துறதுலயும் ஒரு கை வச்சிருக்கு. இன்னொரு ஆபத்து, சுடுற தண்ணி சுடுதுன்னே தெரியாமப் போறது. அதனால உடம்பு முழுக்கப் போற மாத்திரை பெருசா கரை சேரல, தோல்ல ஒரு இடத்துல மட்டும் பூசி அந்த இடத்து நரம்ப மட்டும் களைக்க வைக்கிற இந்த பழைய வழி நின்னுடுச்சு. இதுலயே 8 சதவீத பேட்ச் ஒண்ணு இருக்கு, அமெரிக்கால 2009ல அனுமதி கிடைச்சது, இந்த அக்கி வலிக்காகவே. அத வீட்டுல ஒட்டக் கூடாது, டாக்டர் மேற்பார்வைல மரப்பு மருந்து போட்டுட்டு ஒரு மணி நேரம் ஒட்டி எடுப்பாங்க, ஒரு தடவை போட்டா மூணு மாசம் வரைக்கும் பலன் இருக்கும். நம்ம கையில இருக்குறது அந்த வேலையவே கொஞ்சம் கொஞ்சமா செய்யுற சின்ன டோஸ்.

இதையெல்லாம் அப்பத்தாகிட்ட சொன்னேன். முழுசா இல்ல, அவங்களுக்கு வேணுங்கிறத. புதுவயல் வீட்டுல இருந்தப்ப கூடை கூடையா வத்தல் காம்பு கிள்ளுவாங்களாம், முதல் நாள் கை காந்தி சோறு பெசைய முடியாதாம், தொடர்ந்து கிள்ள கிள்ள அவ்வளவா தெரியாமப் போயிடுமாம். நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள அவங்களே அதச் சொல்லிட்டு, "அப்பப் போடுத்தா, பல்லக் கடிச்சுக்கிறேன்"னாங்க. வலிக்குற ஒருத்தர்கிட்ட காரணத்தச் சொன்னா அவங்க எவ்வளவு தாங்குவாங்கன்னு அன்னிக்குப் பாத்தேன். டாக்டருக்கு வெளிய கூட்டம், அவருக்கு இதச் சொல்ல நேரம் இல்ல, அது புரியுது. கம்பெனிக்கு என்ன? ஒரு துண்டுப் பேப்பர்தானே.

போடுற முறை. தோல் முழுசா ஆறியிருக்கணும், கொப்புளமோ புண்ணோ இருந்தா தொடவே கூடாது. கையுறை போட்டுக்கிட்டு கொஞ்சூண்டு எடுத்து மெலிசா தேய்ச்சா போதும், அப்பினா பலன் கூடாது, எரிச்சல்தான் கூடும். போட்டு முடிச்சதும் கைய சோப்பு போட்டு நல்லா கழுவுங்க, வெறும் தண்ணி பிரயோஜனம் இல்ல, காப்சைசின் எண்ணெய்ல கரையும், தண்ணில கரையாது. அதே கையால கண்ணையோ கொழந்தையையோ தொட்டுடாதீங்க. வீட்டுல பேரப்பிள்ளைங்க பாட்டி மடில வந்து விழுற நேரத்துக்கு முன்னாடி போட வேணாம். ரொம்ப முக்கியமானது, பூசுறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் வெந்நீர் ஆகாது, ஒத்தடம் ஆகாது. சூடும் காரமும் ஒரே கதவுன்னு மேல சொன்னேன்ல, ரெண்டும் சேர்ந்தா அப்படியே ஏறும். அப்பத்தாவுக்கு வருசம் பூரா வெந்நீர் குளியல்தான் வழக்கம், அத மாத்த வைக்கிறதுதான் மருந்து போடுறத விடக் கஷ்டமா இருந்துச்சு, பச்சைத் தண்ணி வேணாம்னு அடம், கடைசில வெதுவெதுப்புக்கும் கீழ ஒரு பதத்துக்கு ஒத்துக்கிட்டாங்க.

வெயில் காலம் தனிப் பிரச்சினை. நம்ம பக்கம் சித்திரை வெயில் தெரியும், அதுல கரண்ட் போயிட்டா வேர்வை வந்து பூசின இடம் எரியுற எரிச்சல் ரெண்டு மடங்கு. அதனால மத்தியான வேளைல போடுறத நிறுத்திட்டு, விடியக்காலம், சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு, படுக்கப் போறப்பன்னு டாக்டர்கிட்ட கேட்டு மாத்திக்கிட்டோம். கட்டு கட்டி இறுக்கி மூடக் கூடாது, லேசான பழைய காட்டன் துணி போதும். சளி இருமல் இருக்குறவங்க காஞ்ச க்ரீம் தூள் மூக்குல ஏறாம பாத்துக்கணும், இருமல் புடிச்சுக்கும்.

பலன் எப்ப தெரிஞ்சதுன்னா, முதல் வாரம் சொல்லிக்கிற மாதிரி எதுவும் இல்ல. அப்புறம் பூசினதும் வர்ற எரிச்சல் கொறைய ஆரம்பிச்சது, அதுதான் முதல் அடையாளம். அதுக்கும் சில வாரம் கழிச்சு ரவிக்கை போட முடிஞ்சது. கட்டில்ல படுக்குறாங்க, ராத்திரில முழிச்சு உக்காந்திருக்குறது கொறைஞ்சிருக்கு. திடீர்னு மின்னல் வெட்டுற மாதிரி உள்ள ஒரு குத்து வரும் பாருங்க, அது இன்னும் வருது, இந்த க்ரீம் அதுக்குப் பெருசா உதவல. மாத்திரை கொறைஞ்ச அளவுல தொடருது. ஒரு பொருள்னு பாத்தா இதுக்கு மேல இதுகிட்ட எதிர்பார்க்க மாட்டேன்.

அந்த மீதி வலி ஏன்னு சொல்லாம விட்டா இந்த எழுத்து நியாயமா இருக்காது, ஏன்னா எங்க வீட்டுல இதுக்குத்தான் அப்பத்தா ரொம்ப பேச்சு வாங்கினாங்க. "தோல் பளபளன்னு இருக்கு, அங்க என்ன வலி, கவனிக்க ஆள் வேணும்னு சொல்றாங்க"ன்னு பாக்க வர்ற ஒறவுக்காரங்கள்ல சிலபேர் முகப்புல உக்காந்து அவங்க காதுபடவே பேசினாங்க. கோவமா வந்துச்சு எனக்கு. அக்கிங்கிறது சின்ன வயசுல வந்த சின்னம்மை வைரஸ்தான். அது உடம்ப விட்டுப் போறதில்ல, அந்த முதுகெலும்பு ஓர நரம்பு முடிச்சுலயே அம்பது அறுபது வருசம் ஒடுங்கிக் கிடக்கும், வயசாகி எதிர்ப்பு சக்தி கொறைஞ்சதும் முழிச்சு அந்த ஒரு நரம்பு வழியாவே தோலுக்கு வரும். அதனாலதான் ஒரு பக்கம் மட்டும், பட்டையா. ஜூலியஸ் லேப்ல எலிலேருந்து எடுத்தது எந்த முடிச்சோ அதே முடிச்சு. அங்க நரம்பு செல்லே அடிபட்டிருக்கு, தோல் ஆறினா அது ஆறிடுமா?

அதோட முடியல. க்ளிஃபர்ட் உல்ஃப்னு தென்னாப்பிரிக்காவுல பொறந்த ஒரு ஆராய்ச்சியாளர், லண்டன்ல இருந்தப்ப 1983ல நேச்சர்ல ஒரு கட்டுரை போட்டாரு. காயம்பட்ட எலிகளோட நரம்பத் தொடர்ந்து கவனிச்சு, தோல்லேருந்து வலி சிக்னல் விடாம வந்துக்கிட்டே இருந்தா தண்டுவடத்துல இருக்குற நரம்பு செல்லுங்களே மாறிடுதுன்னு காட்டினாரு. மாறினதுக்கு அப்புறம் சின்ன சிக்னலுக்கும் அதுங்க பெருசா பதில் சொல்லும், துணி ஒரசுறது, காத்து படுறது, சும்மா தொடுறது, எல்லாமே வலியாத்தான் மூளைக்குப் போய்ச் சேரும். அப்பத்தா ஃபேன் காத்து எரியுதுன்னு சொன்னது அப்படியே இதுதான். வலிங்கிறது காயத்தோட அளவு இல்ல. நம்ம சென்னை ஸ்டான்லி மெடிக்கல் காலேஜ்ல படிச்ச வி.எஸ். ராமச்சந்திரன், கை எடுத்தவங்களுக்கு இல்லாத கைல வலிக்குறத பத்தி ஆராய்ச்சி பண்ணி, 1990கள்ல முகம் பாக்குற கண்ணாடி பதிச்ச ஒரு பெட்டி வச்சு சிலருக்கு அந்த வலிய கொறைச்சும் காட்டியிருக்காரு. இல்லாத கையே வலிக்கும்போது ஆறின தோல் வலிக்காதா? தோல்ல பூசுற க்ரீம் தோல் பக்கத்து நரம்பத்தான் தொடும், தண்டுவடத்துல நடந்த மாத்தத்த நேரா தொடாது, அதனாலதான் கொஞ்சம் மிச்சம் நிக்குது, அதனாலதான் டாக்டர் மாத்திரைய முழுசா நிறுத்தல. தயவுசெஞ்சு யாரும் இந்த க்ரீம வாங்கிட்டு மாத்திரைய நீங்களா நிறுத்திடாதீங்க.

குறைன்னு பாத்தா, உள்ள இருக்குற பேப்பர் பொடி எழுத்துல இங்கிலீஷ்ல மட்டும் இருக்கு. இந்த க்ரீம் யாருக்கு? பெரும்பாலும் அறுபது எழுபது தாண்டினவங்களுக்கு. பக்கத்துல கூட மாட ஒத்தாசைக்கு ஆள் இல்லாத வீடு எங்க பக்கம் எத்தன இருக்கு, பிள்ளைங்க எல்லாம் சென்னைலயும் சிங்கப்பூர்லயும் இருக்க, பெரிய வீட்டுல வயசானவங்க தனியா. முதுகுப் பக்கம் கையும் எட்டாது. அவங்களுக்கு இதத் தனியா போட்டுக்கச் சொல்லிட்டுப் போறது முடியாத காரியம். முதல்ல எரியும், நிறுத்தாதீங்க, வெந்நீர் ஆகாது, சோப்பு போட்டுக் கை கழுவுங்க, பலன் தெரிய சில வாரம் ஆகும்னு அஞ்சு வரி தமிழ்ல பெரிய எழுத்துல போட்டா கம்பெனிக்கு என்ன செலவாயிடும்? மூடி வேற வழுக்குது, கையுறையோட தெறக்கறது சிரமம். மணம் ஒண்ணும் இல்ல, வெள்ளைத் துணில கறை படல, அது நல்ல விஷயம்.

சக்கரை வியாதில கால் எரியுறவங்களுக்கும் இத எழுதுறாங்க, ஆனா கால்ல உணர்ச்சியே கொறைஞ்சிருந்தா, வெடிப்போ புண்ணோ இருந்தா, முதல்ல டாக்டர்கிட்ட கால காட்டிட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க. முகத்துல, கண்ணுக்குப் பக்கத்துல அக்கி வந்தவங்க இந்தப் பக்கமே வர வேணாம், அவங்க நேரா கண் டாக்டர்கிட்டதான் போகணும், அதுவும் அன்னிக்கே.

கடைசியா ஒண்ணு. அக்கி வராமயே தடுக்குறதுக்கு தடுப்பூசி இருக்கு, புது ரகம் 2023லேருந்து இந்தியாவுலயும் கிடைக்குது, 50 வயசு தாண்டினவங்களுக்கு, ரெண்டு ஊசி, ரெண்டுக்கும் நடுவுல ரெண்டுலேருந்து ஆறு மாசம் இடைவெளி. விலை கூடுதல்தான், மறைக்கல. ஆனா அப்பத்தா பட்டதப் பாத்த பிறகு எங்க வீட்டுல அதப் பத்தி ரெண்டாவது பேச்சு இல்ல. அப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் டாக்டர்கிட்ட கேட்டு முதல் ஊசிக்கு சொல்லி வச்சாச்சு.